நான்கு தவ் இடைவெளி

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏஞ்சல் தீவின் அயாலா கோவ் துறையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நானும் மனைவியும் அலமீடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரக்கூன் ஜலசந்தியின் நடுவில் காற்று சுத்தமாக நின்றுபோனது. கடல் வற்றும் நேரம் வேறு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் வற்றம் என்றால் உள்ளே இருக்கும் அவ்வளவு தண்ணீரும் கோல்டன் கேட் என்ற ஒரே வாசல் வழியாகப் பசிபிக்குக்கு ஓடும். பெரிய வற்றத்தின் உச்சத்தில் பாலத்தடியில் நீரோட்டம் மணிக்கு நான்கு கடல்மைலைத் தாண்டிவிடும். என் படகின் எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் ஆறு கடல்மைல்தான். பாய் தொங்கிப்போன பிறகு நம்மைக் கரை சேர்க்க அந்த எஞ்சினை விட்டால் வேறு ஆளில்லை.

எஞ்சினைப் போட்டேன். 1,800 ஆர்பிஎம் தொட்டதும் காலடிப் பலகை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கலகலத்தன. 1,500-க்கு இறக்கினால் அடங்கியது. 2,200-க்கு ஏற்றினாலும் ஓரளவு அடங்கியது. ஆனால் நான் எப்போதும் ஓட்டும் வேகம் அந்த 1,800-தான். வேகத்தைக் குறைத்து, நீரோட்டம் மெலிந்த கரையோரமாகவே ஊர்ந்து, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தோம். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வழி முழுவதும் உயிர்க்காப்பு அங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

படகு 1985-இல் கட்டிய கேட்டலினா 30. முப்பதடி நீளப் பாய்மரப் படகு. கலிஃபோர்னியாவின் எந்தத் துறையிலும் இதில் நாலைந்தாவது நிற்கும். உள்ளே இருப்பது யூனிவர்சல் எம்-25 என்ற டீசல் எஞ்சின், மூன்று சிலிண்டர், 21 குதிரைத்திறன். பெயர்தான் யூனிவர்சல். அடிப்படை பிளாக் குபோட்டாவுடையது. நம்மூர் நெல்வயல்களில் இறங்கும் ஆரஞ்சு நிற டிராக்டரின் அதே குபோட்டா. இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த எஞ்சின்மேல் தனிப் பிரியம்.

மறுநாள் டார்ச்சுடன் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டேன். எஞ்சினின் நான்கு ரப்பர் கால்களுக்கு அடியிலும் கறுப்பாக ரப்பர்ப் பொடி கொட்டிக் கிடந்தது. பின்னிரண்டு கால்களில் டீசல் ஊறி ரப்பர் களிமண்போல் ஆகியிருந்தது. ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் கிளாண்டு கயிறு சுற்றிய பெட்டி இருக்கிறதல்லவா, அங்கே தண்ணீர் சொட்டு நிற்கவே இல்லை. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழலாம், விழவும் வேண்டும். கயிற்றைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான். சும்மா நிற்கும்போது ஒழுகக் கூடாது.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். என் பெரியப்பா கணபதியில் நாற்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்புசெட் வேலைதான் அதிகம். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். பம்பையும் மோட்டாரையும் ஒரே சட்டத்தில் உட்கார வைத்துக் கப்ளிங் பார்ப்பதை அவரிடம்தான் முதலில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முதல் அளவே 'தவ்'தான். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு தவ். தலைமுடியின் தடிமன் இரண்டு மூன்று தவ் வரும்.

"கப்ளிங்கைப் பிரிச்சுப் பாத்தியா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க பெரியப்பா. போல்ட்டெல்லாம் டைட்டாத்தான் இருக்குது."

"டைட்டா இருக்கறதப் பாத்து என்ன பண்றது? லூஸ் பண்ணு. போல்ட்டு இழுத்துப் புடிச்சாத்தான் சேந்திருக்குதுன்னா, அது சேரலைன்னு அர்த்தம்."

நான்கு போல்ட்டையும் கழற்றினேன். கடைசிப் போல்ட்டு வெளியே வந்ததும் 'டக்'கென்று ஷாஃப்ட் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றது. கண்ணுக்கே தெரிந்தது. எத்தனை வருஷமாக அந்த நான்கு போல்ட்டும் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தனவோ. ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 1,800 சுற்று எஞ்சினில் என்றால், கியர்பாக்ஸ் அதைப் பாதியாகக் குறைத்தாலும் ஷாஃப்ட் நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் முறை வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

பொருத்தம் எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் பின்னால் கியர்பாக்ஸ். அதன் பின்முகத்தில் நான்கு அங்குல வட்டத் தட்டு. ஷாஃப்ட்டின் முன்முனையில் அதே அளவில் இன்னொரு தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் போல்ட்டுப் போட்டால் அதுதான் கப்ளிங். அங்கிருந்து ஷாஃப்ட் கிளாண்டுக்குள் நுழைந்து, படகைத் துளைத்துக் கீழிறங்கி, வெளியே தண்ணீருக்குள் ஸ்ட்ரட் என்ற வெண்கலத் தாங்கியில் இருக்கும் பேரிங்கைக் கடந்து புரொப்பல்லரில் முடியும். இதில் ஸ்ட்ரட் படகோடு படகாக இறுகியது, அதை நகர்த்த முடியாது. ஷாஃப்ட் எங்கே நிற்க வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. எஞ்சின்தான் ஷாஃப்ட்டைத் தேடி வர வேண்டும். சின்ன எஞ்சின்தான். ஆனால் பார்ப்பவர் எல்லோருக்கும் எஞ்சின் பெரிதாகவும் ஷாஃப்ட் சின்னதாகவும் தெரிவதால், பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை இழுக்கிறார்கள். என் படகில் முன்பு யாரோ செய்ததும் அதுதான்.

அளப்பதற்கு முன்னால் படகைக் கரையேற்றினேன். ஸ்ட்ரட்டில் இருக்கும் பேரிங்கைப் பார்க்க வேறு வழியில்லை. புரொப்பல்லரைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் ஷாஃப்ட் பேரிங்குக்குள் தளர்வாக ஆடியது. ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது; எதிர்ப்பக்கம் புதிதுபோல் இருந்தது. கோணல் இருந்தால் இப்படித்தான் தேயும்.

இந்த பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பித்தளைக் குழாய்க்குள் ரப்பர் ஒட்டி, ரப்பரில் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டியிருக்கும். எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. வாய்க்கால் வழியே ஓடும் கடல்தண்ணீர்தான் மசகு. ஒரு அங்குல ஷாஃப்ட்டுக்கு நான்கு அங்குல நீளம் இருக்கும். இதைக் கட்லெஸ் பேரிங் என்பார்கள். 1920-களில் கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், தண்ணீர் இறைக்கும் பம்பின் பேரிங் தேய்ந்து, மாற்று கிடைக்காமல் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகி ஓட்டினார். உலோகத்தைவிட அது நீண்டநாள் உழைத்தது. மணல் கலந்த தண்ணீரில் உலோக பேரிங் அறுபடும். ரப்பர் மணலை உருட்டி வாய்க்காலுக்குள் தள்ளிவிடும். பம்பு ரிப்பேரில் பிறந்த பொருள் என்று சொன்னதும் பெரியப்பா போனில் அப்படிச் சிரித்தார், தன் சொந்தக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோல.

அதற்கும் எழுபது வருஷம் முன்னால், நீராவிக் கப்பல்களில் புரொப்பல்லர் புதிதாக வந்த காலத்தில், பித்தளையில் சுழன்ற ஷாஃப்ட்டுகள் மளமளவென்று தேய்ந்தன. லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச்சில் எஞ்சின் கட்டிக்கொண்டிருந்த ஜான் பென், லிக்னம் வைட்டே என்ற மரப் பட்டைகளைப் பேரிங்கில் வரிசையாகப் பதித்து 1854-இல் காப்புரிமை வாங்கினார். கரீபியன் பக்கத்து மரம் அது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், உள்ளேயே பிசின் ஊறியிருக்கும். அந்த மரமும் தண்ணீரும் சேர்ந்துதான் புரொப்பல்லரைக் கடல் கடந்து போகும் பொருளாக ஆக்கின என்று நான் நினைக்கிறேன். எஞ்சினைக் கண்டுபிடித்தவர்களைத் தெரிந்த அளவுக்கு நமக்கு பேரிங் போட்டவர்களைத் தெரியவில்லை.

யார்டில் இருக்கும்போதே ஷாஃப்ட்டை வெளியே இழுத்து, கப்ளிங் தட்டோடு சேர்த்து ஒரு லேத் கடையில் கொடுத்தேன். தட்டை ஷாஃப்ட்டில் மாட்டிய நிலையிலேயே லேத்தில் ஏற்றி முகத்தைச் சீவ வேண்டும். தட்டைத் தனியாகச் சீவி அப்புறம் மாட்டினால் செங்குத்து தப்பும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். புது பேரிங், புது ரப்பர்க் கால்கள், புதுக் கிளாண்டு கயிறு. படகைத் தண்ணீரில் இறக்கினோம்.

இறக்கிய அன்றே எஞ்சினில் கை வைக்கவில்லை. இரண்டு நாள் சும்மா விட்டேன். ஃபைபர் படகு கல்லுப்போல இருப்பதாகத்தான் கைக்குத் தெரியும். ஆனால் கரையில் அதன் கனம் முழுவதும் அடிக்கட்டையிலும் பக்கத்தில் முட்டுக்கொடுத்த நாலைந்து கால்களிலும் நிற்கிறது. தண்ணீரிலோ அடிப்பாகம் முழுவதையும் தண்ணீர் ஏந்துகிறது. உடம்பின் வடிவம் மாறும். கரையில் தவ் கணக்கில் பார்த்த அளவு தண்ணீரில் இறங்கியதும் பொய்யாகிவிடும். கரையிலேயே அலைன்மென்ட் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது தோராயமாக உட்கார வைப்பது மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள். புது ரப்பர்க் கால்களும் எஞ்சினின் கனம் ஏறியதும் முதல் இரண்டு நாளில் கொஞ்சம் அமுங்கும். அதற்கும் சேர்த்துத்தான் காத்திருப்பு.

தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி இரண்டும் வழக்கமான அளவுக்கு நிரம்பியிருக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளும் வழக்கமான இறுக்கத்தில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தை நான் முதல்நாள் மறந்துவிட்டேன். யார்டில் தளர்த்திய பின்கம்பி அப்படியே இருந்தது. ஒரு மதியம் முழுக்க அளந்துவிட்டுச் சாயங்காலம் ஞாபகம் வந்து கம்பியை முறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்று தவ் மாறியிருந்தது. முப்பதடி உயரத்துக்கு மேலே இழுக்கும் ஒரு கம்பி, கீழே எஞ்சினுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடி அகலத்தைத் திறந்து மூடுகிறது. அன்றைக்கு அந்தப் படகு முழுவதும் ஒரே உடம்பு என்று கையில் தெரிந்தது.

தண்ணீரில் வைத்துக் கப்ளிங்கைப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிடிப்பில்லாத ஷாஃப்ட் பின்னால் வழுக்கி வெளியே போகலாம். போனால் அந்தத் துளை வழியே கடல் உள்ளே வரும். கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கிவிட்டுத்தான் போல்ட்டைத் தொடுவேன்.

இப்போது ஷாஃப்ட் தன் இயல்பான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். கிளாண்டிலிருந்து கப்ளிங் வரை ஷாஃப்ட் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது, முனையில் இரும்புத் தட்டு வேறு. தன் கனத்தாலேயே முனை தொங்கும். அந்தத் தொங்கலுக்கு எஞ்சினைப் பொருத்தினால் தவறான இடத்துக்குப் பொருத்தியதாகும். என் படகில் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 75 சென்டிமீட்டர். ஒரு அங்குல எஃகுக் கம்பி மீட்டருக்கு நான்கு கிலோ வரும், ஆக 75 சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ. அதில் பாதி, ஒன்றரை கிலோ. கூடக் கப்ளிங் தட்டின் முழுக் கனம், இரண்டேகால் கிலோ. மொத்தம் மூன்றே முக்கால். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மேலே குறுக்குக் கட்டையில் கட்டி, கப்ளிங்குக்குப் பக்கத்தில் ஷாஃப்ட்டைத் தூக்கி, முள் மூன்றே முக்காலில் நிற்கும்வரை கயிற்றை இழுத்துக் கட்டினேன். பக்கவாட்டில் கையால் இடதும் வலதும் நகர்த்தி நடு இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன்.

அடுத்தது பீலர் கேஜ், அதாவது தடிமன் தெரிந்த மெல்லிய தகடுகள். இரண்டு தட்டின் முகங்களையும் கிட்டத்தட்டத் தொடும்படி கொண்டுவந்து, மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு இடத்தில் இடைவெளி பார்ப்பது. தட்டின் விட்டம் அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பொதுவான கணக்கு. எனக்கு நான்கு அங்குலம், நான்கு தவ் வரை வித்தியாசம் இருக்கலாம். முதல் அளவில் மேலே பன்னிரண்டு தவ் அதிகம். எஞ்சின்மேல் பழி போடுவதற்கு முன்னால் ஷாஃப்ட்டை மட்டும் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பித் திரும்ப அளந்தேன். அகலமான இடம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது தட்டின் முகம் கோணல். சுற்றாமல் மேலேயே நின்றால் கோணல் எஞ்சினில். மேலேயே நின்றது. லேத் கடைக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.

மேலே இடைவெளி அகலம் என்றால் எஞ்சினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, தூக்க வேண்டும். எவ்வளவு? நான்கு அங்குலத் தட்டில் பன்னிரண்டு தவ் என்றால் அங்குலத்துக்கு மூன்று தவ். என் எஞ்சினின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் பதினாறு அங்குலம். பதினாறு மூன்று நாற்பத்தெட்டுத் தவ். காலில் இருப்பது 5/8 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 18 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு ஐம்பத்தைந்து தவ்வுக்குக் கொஞ்சம் மேலே ஏறும். நட்டுக்கு ஆறு முகம். ஆக ஐந்து முகம் திருப்பினால் போதும். முன்னிரண்டு நட்டுகளையும் ஐந்தைந்து முகம் திருப்பி, பீலர் கேஜைச் செருகினேன். இடைவெளி இரண்டு தவ்வுக்கு வந்துவிட்டது.

ஆனால் தட்டு இப்போது கீழே இறங்கியிருந்தது. எஞ்சின் பின்காலை அச்சாக வைத்துச் சாய்கிறது; கியர்பாக்ஸ் தட்டோ பின்காலுக்கும் எட்டு அங்குலம் பின்னால். முன்னால் ஏறினால் பின்னால் இறங்கும். எட்டு மூன்று இருபத்துநான்கு தவ் இறக்கம். தட்டின் நடுவில் இருக்கும் உதடு எதிர்த்தட்டின் குழிக்குள் போகாமல் விளிம்பில் முட்டியது. நான்கு நட்டுகளையும் இரண்டரை முகம் ஏற்றினேன். உதடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கையால் தள்ளினாலே போக வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ சரியில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: திருகை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. கால் நெட்டையானால் ஆட்டத்துக்கு அந்தக் கம்பியே வளையும். நிறைய உயரம் வேண்டுமென்றால் காலுக்கு அடியில் தகடு வைத்து ஏற்ற வேண்டும்.

மேல்-கீழ் திருகில் போகிறது, கணக்குப் போட முடிகிறது. பக்கவாட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கால்களின் அடித்தட்டில் நீள்துளை இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து எஞ்சினை ஒரு நூல் நகர்த்த வேண்டும். நகரவே நகராது, நகர்ந்தால் பத்து மடங்கு நகரும். சரியாக வந்தது என்று போல்ட்டை முறுக்கினால் முறுக்கும்போதே மறுபடி விலகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கவாட்டில் ஆரம்பித்தவன், ஜன்னலில் வெளிச்சம் சாயும்போதும் அதே எஞ்சின் பெட்டிக்குள்தான் இருந்தேன். முதுகு மரத்துப்போயிருந்தது. கடைசியில் பிடிபட்டது இதுதான்: எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஐந்தாறு தவ் கூட வைத்துவிட்டு முறுக்கினால், முறுக்கு முடியும் இடத்தில் நேராக வந்து நிற்கும்.

அளவுகளைப் படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மேலே, கீழே, இடது, வலது: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. அங்கே விடியற்காலை. உடனே கூப்பிட்டார்.

"மேல் நட்டெல்லாம் முறுக்கினதுக்கு அப்புறம் அளந்ததா?"

"இல்லீங்க, அதுக்கு முன்னாடி."

"அப்ப அது கணக்கில்ல கண்ணு. நட்டை முறுக்கிட்டு ராத்திரி அப்படியே உடு. காலைல மறுக்காப் பாரு."

கால்களைப் பூட்டும் மேல் நட்டுகளை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் மேலே ஐந்து தவ். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் போல்ட்டை மாட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன். முன்கால் நட்டுகளை ஒரு முகம் திருப்பினேன், இரண்டரைக்கு வந்தது. மறுபடி முறுக்கினேன், மறுபடி அளந்தேன். நின்றது.

நடுவில் நண்பர் ஒருவர், இரண்டு தட்டுக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங் போட்டுவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்டார். அது அதிர்வை வாங்கிக்கொள்ளும், சத்தத்தைக் குறைக்கும், நல்ல பொருள்தான். ஆனால் கோணலை அது சரிசெய்வதில்லை. கோணல் அப்படியே இருக்கும், காதுக்குக் கேட்காமல் பேரிங்கையும் கிளாண்டையும் தின்றுகொண்டிருக்கும். நேராக்கிய பிறகு அதைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இருபத்தைந்து மணி நேரம் ஓடிய பிறகு, ஜனவரி மழையில் ஒரு சனிக்கிழமை, மறுபடி பிரித்து அளந்தேன். புது ரப்பர் இன்னும் கொஞ்சம் அமுங்கி, மேலே நான்கு தவ்வாகியிருந்தது. முன்கால் நட்டுகளைக் கொஞ்சம் திருப்பினேன். எஞ்சின் பெட்டி மூடியின் உட்பக்கம் அழியாத மார்க்கரால் தேதி, எஞ்சின் ஓடிய மணி, நான்கு இடத்து அளவு, பின்கம்பியின் இறுக்கம் எல்லாம் எழுதிவைத்தேன். அந்த மூடியில் எனக்கு முந்தைய சொந்தக்காரர்கள் எழுதியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, எண்ணெய் மாற்றிய ஒரு தேதி. கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

போன வாரம் மறுபடி ஏஞ்சல் தீவு போய்வந்தோம். திரும்பும்போது வற்றம், காற்றும் இருந்தது, ஆனாலும் ரக்கூன் ஜலசந்திக்குள் பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டேன். 1,800. மனைவி உள்ளே போய்த் தட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, அங்கியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.